கேரக்டர் எப்படி?

நண்பர்களே! நம் கேன்டீனில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கீழ்க்கண்ட வசனங்கள் நிச்சயம் காதில் விழும்.

"அவன் செம கேரக்டருடா! சிரிக்க வச்சே சாகடிச்சுடுவான்."

"அந்த சார் ஒரு மாதிரி கேரக்டர். காலையில கையெழுத்து கேட்டா கிடைக்காது, சாப்பிட்டப்புறம் போ."

"படத்துல ஹீரோவை விடு. அந்த டீக்கடைக்காரர் கேரக்டர்தான் டாப்பு."

"பாஸ்வேர்டுல எட்டு கேரக்டராவது இருக்கணுமாம்."

"டையோடு கேரக்டரிஸ்டிக்ஸ் எழுதிட்டியா? ரெக்கார்டைக் குடுடி, பார்த்துட்டுத் தர்றேன்."

ஐந்தும் உரக்கச் சொல்லப்படும் வசனங்கள். ஆறாவது ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாகத் தாழும், தலைகள் மேஜையின் நடுவே குவியும்.

"அவ கேரக்டர் சரியில்லையாம்ல..."

ஒரே சொல், ஆறு வேஷம்! முதல் ஐந்து வேஷத்தில் அது நமக்குச் சோறு போடுகிறது, சிரிக்க வைக்கிறது, மார்க் வாங்கித் தருகிறது. ஆறாவது வேஷத்தில் ஒருத்தியின் படிப்பையே நிறுத்தி விடுகிறது. இந்தச் சொல்லின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அகராதி போடும் அளவுக்கு நான் பண்டிதை இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற சாதாரண மாணவிதான். ஆனாலும் இந்த ஒரு சொல்லை மூன்று வருஷமாக ரெக்கார்டு நோட்டில் எழுதி எழுதிக் கை வலித்தவள் என்ற உரிமை எனக்கு உண்டு அல்லவா?

முத்திரை குத்திய கதை

கேரக்டர் என்பது கிரேக்க நாட்டுச் சொல். அங்கே அதற்கு முதல் பொருள் குணமும் இல்லை, நடத்தையும் இல்லை. கீறுகிற, செதுக்குகிற கருவி என்பதுதான். நாணயத்தில் முத்திரை அடிக்கும் அச்சுக்கும், அது பதிக்கும் அடையாளத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. ஒரு காசை இன்னொரு காசிலிருந்து பிரித்துக் காட்டுவது முத்திரைதானே? அப்படியே ஒரு பொருளை இன்னொன்றிலிருந்தும், ஒரு மனிதரை இன்னொருவரிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம் எல்லாமே கேரக்டர் ஆகிவிட்டது. எழுத்தும் கீறிப் பதித்த அடையாளம்தான். பாஸ்வேர்டில் எட்டு கேரக்டர் கேட்பதன் மூலம் இதுதான்.

அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ். செடி கொடிகளின் இயல்புகளைத் தொகுத்து எழுதியவர். அதே மனிதர் மனிதர்களைப் பற்றியும் 30 சின்னச் சின்னச் சித்திரங்கள் எழுதினார். முகஸ்துதிக்காரன், வாயாடி, கோழை என்று வரிசையாக வருவார்கள். அதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. 'கோழை கெட்டவன்' என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கடலில் போகும்போது தூரத்துப் பாறை முனையைப் பார்த்துக் கொள்ளைக்காரர் கப்பல் என்று நடுங்குவான் என்று எழுதுகிறார். இன்ன இடத்தில் வைத்தால் இன்னபடி நடப்பான். அவ்வளவுதான்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் லேபுக்குப் போகும்போது உதவும்.

நம்ம ஊர் கணக்கு

நமக்கு இந்தச் சொல்லைக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. குணம், பண்பு, இயல்பு, தன்மை என்று வீடு நிறைய இருக்கிறது. 'குணம்' இருக்கிறதே, அது ரொம்ப நல்ல சொல். காய்ச்சல் விட்டால் 'குணமாயிடுச்சு' என்கிறோம். சித்த மருத்துவம் படிப்பவர்களுக்குக் 'குணபாடம்' என்றே ஒரு பாடம் உண்டு. எந்த மூலிகை, எந்த உப்பு, உடம்பில் என்ன செய்யும் என்பதைச் சொல்லும் பாடம் அது. நம் பாஷையில் சொன்னால், செடிகளின் டேட்டா ஷீட்!

சினிமாக்காரர்கள் கேரக்டர் ஆக்டரைக் 'குணச்சித்திர நடிகர்' ஆக்கினார்கள். என்ன அழகான சொல்! குணத்தைச் சித்திரமாகத் தீட்டுகிறவர். நாகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் 'திருவிளையாடல்' தருமியாக வந்து ஊரைச் சிரிக்க வைத்தார். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லனாக வந்து வெறுக்க வைத்தார். 1994-ல் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக வந்து அழ வைத்தார், அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். முகம் ஒன்றுதான். கொடுத்த சூழ்நிலை வேறு, வெளிவந்த குணம் வேறு.

இன்னொரு பக்கம் நம்பியார். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) சவுக்கைச் சுழற்றி மிரட்டிய அதே கைதான், வருஷா வருஷம் இருமுடி தாங்கிச் சபரிமலை ஏறியது. குருசாமி என்று அவரைப் பின்தொடர்ந்து மலை ஏறியவர்கள் எத்தனையோ பேர். திரையில் மட்டும் அவரைப் பார்த்தவர் 'கேரக்டர் எப்படி?' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்?

வள்ளுவர் இதற்கு வழி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். 100-ஆவது அதிகாரம் 'பண்புடைமை' எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது 51-ஆவது அதிகாரம், 'தெரிந்து தெளிதல்'. ஒருவரிடம் உள்ள நல்லதையும் பார், குறையையும் பார், எது மிகுதி என்று நிறுத்துப் பார், பிறகு முடிவு செய் என்கிறார். ஆளை உரசிப் பார்க்கும் உரைகல் அவரவர் செயல்தான் என்றும் சொல்கிறார். ஊர் என்ன பேசுகிறது என்று கேட்டு வா என்று சொல்லவில்லை!

எண்ணுகிறவர் யார்?

லாகரிதம் போட்ட கைகளுக்குக் கிளார்க்ஸ் டேபிள் ஞாபகம் இருக்கும். 250-க்கு லாக் 2.3979. 25-க்கு 1.3979. 2.5-க்கு 0.3979. புள்ளிக்கு முன்னால் வரும் எண்ணுக்குக் கேரக்டரிஸ்டிக் என்று பெயர். பின்னால் வருவது மாண்டிஸா. எண் நூறிலா, பத்திலா, ஒன்றிலா என்று அதன் 'சைஸை' மட்டும்தான் கேரக்டரிஸ்டிக் சொல்லும். உள்ளே இருக்கும் இலக்கங்கள் என்ன என்பதை மாண்டிஸாதான் சொல்லும். முன்னாலிருக்கும் ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் கண்டுபிடிக்க முடியாது. ஆளைப் பார்த்ததும் அரியர் எத்தனை, அப்பா என்ன வேலை என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் லேபில் இன்னொரு வேடிக்கை. ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 கேரக்டர். ஆங்கிலப் பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் போதும். அதே கம்ப்யூட்டரில் 'அம்மா' என்று அடியுங்கள். நம் கணக்கில் மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட்! அம்மா மாறவில்லை நண்பர்களே, எண்ணுகிற ஆள்தான் மாறுகிறார். எந்த விதியில் எண்ணினேன் என்று சொல்லாமல் 'இத்தனை கேரக்டர்' என்று சொன்னால் அந்த விடைக்கு மார்க் கிடையாது.

லேபில் கற்ற பாடம்

இனி நம் சொந்த இடத்துக்கு வருவோம். பி.என். ஜங்ஷன் டையோடு கேரக்டரிஸ்டிக்ஸ். எய்ம், அப்பாரட்டஸ் ரிக்கொயர்டு என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற பரிசோதனை! 1என்4007 என்று ஒரு சின்னக் கறுப்பு உருளை, ஒரு முனையில் வெள்ளிப் பட்டை. அதைப் பார்த்ததும் 'இது நல்ல டையோடு' என்று எழுதினால் சார் ரெக்கார்டை நம் முகத்திலேயே விட்டெறிவார். என்ன செய்கிறோம்? ஃபார்வர்டு பயாஸ் கொடுக்கிறோம். 0.1 வோல்ட், 0.2 வோல்ட் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். ஒவ்வொரு படியிலும் மில்லி அம்மீட்டரைப் பார்த்துக் குறிக்கிறோம். 0.5 வரைக்கும் பேருக்குத்தான் கரண்ட். 'டையோடு போச்சு போல சார்' என்று நாம் புலம்பும் நேரத்தில், 0.6, 0.7 வந்ததும் சரசரவென்று ஏறுகிறது! அப்புறம் திருப்பிப் போட்டு ரிவர்ஸ் பயாஸ். மைக்ரோ அம்மீட்டரே அசையவில்லையோ என்று சந்தேகம் வரும். எல்லா ரீடிங்கையும் கிராஃப் ஷீட்டில் குறித்து, புள்ளிகளை வளைவாக இணைத்தால்தான் அதற்குப் பெயர் கேரக்டரிஸ்டிக்ஸ்.

போன செமஸ்டர் வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டார். "கேரக்டரிஸ்டிக்ஸ்னா என்னம்மா?" வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வளைவு என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார். "அது சரிதான். இதையும் சேர்த்து வச்சுக்கோ. ஒரு பொருளை எப்படி எப்படி வச்சா எப்படி எப்படி நடந்துக்கும், அதான் கேரக்டரிஸ்டிக்ஸ். கண்டிஷனைச் சொல்லாம ரிசல்ட்டைச் சொல்லக் கூடாது."

கண்டிஷன்! இந்த ஒரு சொல்லில் எல்லாம் அடக்கம். அதே சிலிக்கான் டையோடைச் சூடாக்கினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லி வோல்ட் வீதம் அதன் ஃபார்வர்டு வோல்டேஜ் குறையும். காலையில் எடுத்த ரீடிங்கும் மே மாத மத்தியானத்தில் எடுத்த ரீடிங்கும் ஒன்றாக இருக்காது. அதற்காக டையோடின் மேல் யாராவது கோபப்படுகிறோமா?

ஜீனரைப் பாருங்கள். சாதாரண டையோடு ரிவர்ஸில் பிரேக்டவுன் ஆனால் அதன் கதை முடிந்தது என்போம். ஜீனருக்கோ அந்த பிரேக்டவுன்தான் பிழைப்பே! 5.1 வோல்ட் ஜீனர் அந்த இடத்தில் பிடிவாதமாக நின்று வோல்டேஜை ஏறவிடாமல் தடுப்பதால்தான் எத்தனையோ சர்க்யூட்கள் பிழைக்கின்றன. கூடவே ஒரு சீரீஸ் ரெசிஸ்டர் வேண்டும், அவ்வளவுதான். துணைக்கு ஒரு ரெசிஸ்டர் இல்லாமல் விட்டுவிட்டு, எரிந்த பிறகு 'ஜீனர் சரியில்லை' என்று சொன்னால் தப்பு யாருடையது?

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களுக்கும் ஒன்று. வார்ப்பிரும்பு நல்லதா கெட்டதா? அழுத்தினால் மலை மாதிரி தாங்கும். அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். அதனால்தான் லேத் பெட் அதில் வார்க்கப்படுகிறது. அதையே கொக்கியாக்கிப் பாரத்தைத் தொங்கவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இழுவிசைக்கு அது ஆகாது. 'நல்ல இரும்பா?' என்று கேட்பவரைப் பார்த்து உங்கள் ஃபோர்மேன் என்ன சொல்வார்? "எதுக்குப்பா?" என்று திருப்பிக் கேட்பார்.

அரை அங்குல டையோடுக்கு இவ்வளவு மரியாதை! இருபது ரீடிங், இரண்டு பயாஸ், ஒரு கிராஃப் ஷீட், கீழே சார் கையெழுத்து. மனுஷிக்கு?

ஒரே ஒரு ரீடிங்

எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் நான்கு பேர். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். மண்ணின் ஈரத்தை அறிந்து மோட்டாரைத் தானே போட்டு நிறுத்தும் கருவி. கடைசி வாரம் லேபை விட்டுக் கிளம்பவே ஆறரை ஆகிவிடும். எங்கள் பக்கம் போகும் டவுன் பஸ் 7.20-க்குத்தான். நாலு பேரும் ஸ்டாப்பில் நிற்போம். ரிலே ஏன் டக் டக்கென்று அடித்துக்கொண்டது என்று சண்டை போடுவோம், சிரிப்போம், பஸ் வந்ததும் ஏறுவோம்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் மறுநாள் வீட்டுக்கு வந்தார். அம்மா தையல் மிஷினில் இருந்தார்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பொண்ணை நேத்து பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். பசங்களோட சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு நின்னுச்சு. நாளைக்குக் கேரக்டர் அப்படி இப்படின்னு நாலு பேர் பேசிடக் கூடாது பாருங்க..."

அம்மா மிஷினை நிறுத்தவில்லை. "எத்தனை நாள் பார்த்தீங்க தம்பி?"

"நேத்து ஒரு நாள்தான்க்கா."

"எவ்வளவு நேரம்?"

"அது... நான் வண்டியில போயிட்டிருந்தேன்..."

"நான் பத்தொம்பது வருஷமா பார்த்துட்டிருக்கேன் தம்பி. நீங்க ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுங்க."

என் அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். டையோடைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எத்தனை ரீடிங், எந்த கண்டிஷன் என்று எக்ஸாமினர் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்!

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு தையல் மிஷின் இல்லை. எங்கள் குழுவின் இன்னொரு பெண்ணின் வீட்டுக்கும் அதே பேச்சு போயிற்று. எங்கள் நால்வரில் சால்டரிங் சுத்தமாக வைப்பவள் அவள்தான். அவள் வைத்த ஜாயின்ட் ஒன்றுகூட டிரை சால்டர் ஆனதில்லை. மறுநாளிலிருந்து நாலரை மணிக்கு அவள் அப்பா கேட்டில் நின்றார். எக்ஸிபிஷன் அன்றைக்கு நாங்கள் மூவரும் கருவியின் பக்கத்தில் நின்றோம், அவள் வரவில்லை. சென்னையில் நடந்த ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அவள் பெயரும் லிஸ்டில் இருந்தது. "வீட்ல வேணாம்னுட்டாங்கடி" என்று போனில் சொன்னாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, என்னாலும் பேச முடியவில்லை. அந்தக் குழுவில் இருந்த இரண்டு பையன்களின் கேரக்டரைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அவர்களே அதை வெட்கத்தோடு என்னிடம் சொன்னார்கள்.

சட்டப் புத்தகத்திலும் இருந்தது!

இது தெருப்பேச்சோடு நிற்கிற சங்கதி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் ஒரு விளக்கம் உண்டு. கேரக்டர் என்ற சொல் இரண்டையும் குறிக்கும் என்றது அது. ஒன்று, ஒருவருக்கு ஊரில் உள்ள பெயர். இன்னொன்று, அவரது இயல்பு. ஊர் சொல்வதும் ஆள் இருப்பதும் வேறு வேறு என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அதே சட்டத்தின் 155-ஆவது பிரிவு என்ன சொன்னது? பாலியல் வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணே பொதுவாக ஒழுக்கக்கேடான கேரக்டர் உள்ளவள் என்று காட்டி, அவள் சாட்சியத்தின் மேல் சந்தேகம் கிளப்ப இடம் கொடுத்தது. குற்றம் செய்தவனை விசாரிக்கக் கூடிய சபையில், புகார் கொடுத்தவளின் கேரக்டர் கூண்டில் ஏறியது! 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அந்த வரியை நீக்கியது. 130 வருஷம்! 2013-ல் வந்த திருத்தம், இத்தகைய வழக்குகளில் சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்குப் பெண்ணின் கேரக்டரோ முந்தைய பழக்கமோ பொருட்டே அல்ல என்று தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

சட்டப் புத்தகத்தில் அழித்துவிட்டார்கள். நம் வாயிலிருந்து யார் அழிப்பது? அதற்கு நாடாளுமன்றம் வராது, நாம்தான் செய்ய வேண்டும்.

'குட்'

இன்னும் சில நாளில் நம் கையில் ஒரு காகிதம் வரும். டி.சி.யோடு கண்டக்ட் சர்டிபிகேட். 'கேரக்டர் அண்ட் கண்டக்ட்' என்று அச்சடித்திருக்கும், எதிரே 'குட்' என்று நிரப்பியிருக்கும். எங்கள் வகுப்பில் அறுபது பேருக்கும் அதே 'குட்'தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்கோ ரத்தம் கொடுக்க ஓடினவனுக்கும் குட். பரீட்சை அன்றைக்கு அடுத்தவன் கால்குலேட்டரை வாங்கிக்கொண்டு இன்றுவரை திருப்பித் தராதவனுக்கும் குட்! ஆபீசில் எழுதுகிறவரைக் குறை சொல்லவில்லை. மூன்று வருஷத்தை ஒரு சொல்லில் எழுதச் சொன்னால் பாவம், அவர்தான் என்ன செய்வார்? ஒற்றைச் சொல்லில் புகழ்ந்தாலும் அது காகிதம்தான். ஆனால் ஒற்றைச் சொல்லில் இகழ்ந்தால் அது கத்தி.

தோழர்களே, தோழியரே! நாளைக்கு நம்மிடமும் வந்து கேட்பார்கள். பெண் பார்க்க வருகிறவர் கேட்பார், கம்பெனியிலிருந்து போன் பண்ணிக் கேட்பார்கள், சும்மா பொழுது போகாமலும் கேட்பார்கள். "உங்க கூடத்தானே படிச்சாங்க... கேரக்டர் எப்படி?" அப்போது நாம் வெறும் வாயை மெல்லும் கூட்டமில்லை, டிப்ளமோ படித்தவர்கள் என்பதைக் காட்ட ஒரு வாய்ப்பு. நமக்குத் தெரிந்த ரீடிங்கைச் சொல்வோம். இன்ன நாளில், இன்ன நெருக்கடியில், இன்னபடி நடந்துகொண்டாள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வோம். நாம் ரீடிங் எடுக்காத இடத்தில் புள்ளி வைக்க மாட்டோம். அடுத்தவர் ரெக்கார்டைப் பார்த்துக் கிராஃப் போடுவது லேபோடு போகட்டும்.

— மூன்றாமாண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை